லயத்தைத் தொட்டால் பேசும் குரல்கள்

காது களைத்துப் போகும் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதுளை நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிற சின்ன அறைதான் எங்கள் நிலையம். காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், சாயங்காலம் கழற்றும்போது காது மடல் இரண்டும் கன்றிப்போயிருக்கும். எங்கள் தோட்டமான ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், பக்கத்து சீட்டுக்காரர்களின் பேச்சு பழைய கசெட்டில் ஓடுவதுபோல இரைச்சலோடுதான் கேட்கும்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்காக ஒரு தமிழ் வானொலி நிகழ்ச்சி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வரும். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, நான் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கிற காலம் வரைக்கும் நடந்தது. ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலில் வைத்தே ஆட்களைப் பேசவைப்பார்கள். கோயில் திருவிழா, தண்ணீர் வராத குழாய், தாலாட்டு, சம்பளப் பேச்சு, ரொட்டியும் சம்பலும் செய்கிற முறை என்று எல்லாம் அதில் இருக்கும். நிகழ்ச்சி நின்ற பிறகு அந்தக் கசெட்டுகளைக் குப்பையில் கொட்டுவதாக இருந்தார்கள். அலைந்து திரிந்து, கெஞ்சி, சண்டை போட்டு அவற்றை வாங்கிக்கொண்டு வந்தவர் எங்கள் நிலையத்தை நடத்துகிற மிஸ். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியையாக வந்து, ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகாமல் பதுளையிலேயே தங்கிவிட்டவர். அந்தப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் தேடிக் கேட்கக்கூடிய ஓர் இணையத்தளமாக ஆக்குவதுதான் என் வேலை.

இதை வீட்டில் விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். ஆகவே நான் ஏதோ ஒரு கந்தோரில் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்வேன் என்று நினைத்திருந்தார்கள். விவரத்தைக் கேட்ட அம்மா சொன்னது இதுதான்: "பொழுதுக்கும் ரேடியோ கேக்கிறதுக்கு சம்பளமா? அப்ப நாங்க என்னத்துக்கு மலையில கெடந்து காயிறோம்?"

நான் முதலில் செய்த வடிவமைப்பைப் பார்த்தால் படித்த ஆள் செய்தது என்று சொல்லிவிடலாம். வருஷ வாரியாக ஒரு பட்டியல், தலைப்பு வாரியாக இன்னொன்று: கல்வி, சுகாதாரம், பண்பாடு, தொழில். மிஸ்ஸுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போனில் திறந்து, குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கொடுத்தேன். பண்பாட்டை யாரும் தொடவில்லை. எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கிற அக்கா ஈரக் கையைத் துடைத்துவிட்டு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எல்லாம் இருக்கு, நம்ம தோட்டத்தத்தான் காணோம் என்று சொல்லி போனைத் திருப்பித் தந்துவிட்டுத் துணியைப் பிழியப் போய்விட்டார்.

அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பேர் கேட்பது கடைசியில்தான். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனாம் நம்பர் லயம் என்று கேட்பார்கள். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் யாருடைய மகன், எங்கே பெண் கொடுத்தார்கள், இவர் தனக்கு என்ன முறை என்பதையெல்லாம் கேட்டவரே சொல்லிவிடுவார். நிகழ்ச்சியிலும் அப்படித்தான். மைக்கைக் கண்டதும் எல்லோரும் முதலில் ஒப்பித்தது இந்த மூன்றையும்தான். பேரைச் சொல்லாமல் விட்டவர்கள் நிறைய. லயத்தைச் சொல்லாமல் விட்டவர்கள் எனக்கு அகப்படவில்லை.

எனவே எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். திரையில் மாகாணத்தின் வரைபடம். ஒரு தோட்டத்தைத் தொட்டால் அதன் பிரிவுகள் விரியும். பிரிவைத் தொட்டால் லயங்கள், ஒவ்வொன்றும் நீளமான ஒரு கட்டமாக, மலைச்சரிவில் இருக்கிற வரிசைப்படியே நிற்கும். அங்கிருந்து யாராவது பேசியிருந்தால் அந்தக் கட்டம் பச்சை, இல்லையென்றால் சாம்பல். மண்சரிவில் போன லயங்களையும், இடித்துவிட்டுத் தனிவீடு கட்டிய இடங்களையும் விசாரித்து விசாரித்து வரைந்தேன். இதற்காக எல்லாக் கசெட்டுகளையும் முதலிலிருந்து மறுபடி கேட்கவேண்டி வந்தது. யார் எந்த லயம் என்று குறித்துக் குறித்து, கடைசியில் கனவிலும் யாராவது வந்து நம்பர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வடிவமைப்பைச் சனம் ஏற்றுக்கொண்டது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. குழாயடி அக்கா தன் மாமியாரின் தாலாட்டைக் கண்டுபிடித்து, சண்டை போட்ட காலத்தையெல்லாம் மறந்து, லயம் முழுவதற்கும் போட்டுக் காட்டினார். கொழும்பில் கடைகளில் நிற்கிற பையன்கள் தங்கள் லயத்தைத் தேடிப் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள். மிஸ் தனக்குத் தெரிந்த ஆசிரியர்களிடமெல்லாம் சொன்னார். நிலையத்துக்கு உதவ முன்வந்து கொழும்பிலிருந்து வரப்போகும் விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு கூட்டமும் ஏற்பாடாகியது.

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்பட்டது 'கண்டால் சொல்லுங்கள்' என்ற பகுதி. தோட்டத்தை விட்டுப் போய், விலாசமே இல்லாமல் போனவர்களுக்கு வீட்டார் வானொலியில் செய்தி சொல்கிற பகுதி அது. கொழும்புக்கு வேலைக்குப் போன மகன், வன்னிப் பக்கம் போன தம்பி, கோபித்துக்கொண்டு போன தகப்பன். அம்மாவுக்கு சுகமில்லை, வந்துவிட்டுப் போ. தங்கச்சிக்குக் கல்யாணம், கண்டவர்கள் சொல்லுங்கள். என்னை அதிகம் களைக்கவைத்ததும் அந்தப் பகுதிதான். ஒவ்வொன்றையும் கேட்டு முடித்ததும் ஆள் வந்தாரா என்று கேட்கத் தோன்றும். கசெட்டில் அடுத்து ஒரு விளம்பரம் வரும்.

அதில் வருகிற பேர்களை மட்டும் வெட்டிவிடுவது என்று மிஸ்ஸும் நானும் முடிவு செய்திருந்தோம். பேர் வருகிற இடத்தில் ஒரு சின்ன மௌனம். ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, மானம் மரியாதைக்குக் குறைவு வராது என்று இரண்டு பேரும் நம்பினோம். பேரைக் கடைசியில் கேட்கிற சனத்துக்காக நானே லயம் லயமாக ஒரு தளத்தைச் செய்துவிட்டு, பேரை வெட்டிவிட்டதால் ஆளை மறைத்துவிட்டதாக நினைத்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் அப்படி நினைத்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

ஒருநாள் நிலையத்துப் போனுக்கு ஒரு பெண்ணின் அழைப்பு வந்தது. போனில் வருகிற அந்த ரேடியோவைச் செய்தவரோடு பேச வேண்டும் என்றார். நான்தான் என்றேன். அப்படியென்றால் பண்டாரவளைக்கு வர முடியுமா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது, வீட்டுக்கு மட்டும் வந்துவிட வேண்டாம் என்றார்.

அவர் பிறந்த தோட்டத்தின் பேரையும் இப்போது இருக்கிற தோட்டத்தின் பேரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்.

கடையின் உள்பக்கத்து மேசையில், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பதை எட்டாத வயது. ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பெரிய ஆளாக இருப்பேன் என்று நினைத்ததாகவும், தன் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் போலிருக்கிறது என்றும் சொன்னார். பிறகு கேட்டார்: "தம்பி எந்தத் தோட்டம்?"

ஸ்பிரிங்வெளி என்றேன். டிவிசனையும் லயத்தையும், கேட்காமலே சொன்னேன்.

"அப்ப ஒங்களுக்கு நான் வெளக்கிச் சொல்லத் தேவையில்ல" என்றார்.

ஆனாலும் சொன்னார். அவருக்கு முதலில் ஒரு கல்யாணம் நடந்தது. அந்த மனிதர் கொழும்புக்கு வேலைக்கு என்று போனவர், திரும்பவில்லை. அப்போது இவர் முழுகாமல் இருந்தார். நிகழ்ச்சிக்காரர்கள் பிறந்த வீட்டு லயத்துக்கு வந்தபோது, இவருடைய அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார். தோட்டம், கீழ்ப்பிரிவு, லய நம்பர் எல்லாம் சொல்லி, நான் ஒன்றும் கேட்கமாட்டேன், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காகவாவது வாங்க என்று இவர் பேசியிருக்கிறார். அவர் வரவில்லை. பிள்ளை பிறந்து தவழ்கிற காலத்தில் வேறு தோட்டத்திலிருந்து ஒருவர் எல்லாம் தெரிந்தே வந்து கட்டிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாகத்தான் வளர்த்தார். தாமதமாகப் பதிந்து எடுத்த பிறந்த அத்தாட்சியிலும் அவர் பேரே இருக்கிறது. அவரைத்தான் அது அப்பா என்று கூப்பிடுகிறது. வேறு ஒரு கதை இருப்பதே அதற்குத் தெரியாது. இப்போது உயர்தரம் படிக்கிறது. பரீட்சை நெருங்குகிறது.

முதல் ஆள் வராதது நல்லதாகப் போய்விட்டது, வந்திருந்தால் இந்த மனுசன் எங்கே கிடைத்திருப்பார் என்று சொல்லி, அந்த ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

பிறந்த வீட்டில் இருக்கிற தங்கச்சிதான் முதலில் அழைத்துச் சொல்லியிருக்கிறாள், அக்கா, நீ அன்னைக்குப் பேசுனது போன்ல வருது என்று. கீழ்ப்பிரிவில் எல்லோரும் கேட்டாயிற்றாம். அதற்குக்கூட இவர் அவ்வளவு பயப்படவில்லை. அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அதனாலேயே மகளை அங்கே கூட்டிக்கொண்டு போவதில்லை. பயம் வந்தது அடுத்த வாரத்தில். பள்ளிக்கூடத்தில் ஊடகப் பாடம் எடுக்கிற ஆசிரியர் எங்கள் தளத்தைக் காட்டி, அம்மா பிறந்த லயத்தைக் கண்டுபிடித்து, அங்கே பேசியிருக்கிற ஒரு குரலைக் கேட்டு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று பயிற்சி கொடுத்திருக்கிறார். மகள் வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக்கூட இறக்காமல் கேட்டிருக்கிறாள், அம்மா, நீங்க பொறந்தது எத்தனாம் நம்பர் லயம் என்று. இவர் வாய்க்கு வந்த ஒரு நம்பரைச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பயிற்சி மிஸ்ஸும் நானும் சேர்ந்து யோசித்து ஆசிரியர்களுக்குச் சொன்னது. அதை அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது, சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நான் அதுக்கிட்ட சொல்லாம இருக்கப் போறதில்ல தம்பி. பரீட்ச முடியட்டும்னு இருக்கேன். என் வாயால கேக்கட்டும். போன்ல கேக்க வேணாம்."

எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுப்பதற்கு முன்னால் ஒருதடவை கேட்கிறீர்களா என்றும் கேட்டுவிட்டேன். ஒலிபரப்பான அன்று அவர் கேட்டிருக்கமாட்டார் என்று ஏதோ ஒரு நினைப்பு.

"நான் பேசுனது எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

பதுளைக்குத் திரும்புகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். எடுக்க வேண்டியது அவருடைய பதிவு மட்டுமா என்று யோசித்தேன். அந்தப் பகுதியில் இருக்கிற ஒவ்வொரு செய்திக்கும் பின்னால் இப்படி ஒரு வீடு இருக்கும். யாரும் பண்டாரவளைக்கு வரச்சொல்லி என்னை அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

மிஸ்ஸிடம் முழுப் பகுதியையும் எடுக்க வேண்டும் என்று சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு பெண்ணின் பதிவை எடுப்பதில் அவருக்கு மறுப்பில்லை. மற்றதையெல்லாம் ஏன் என்றார். விருந்தினர்கள் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள். அந்தக் கசெட்டுகளை வாங்க அவர் எத்தனை கதவு தட்டினார் என்று எனக்குத் தெரியுமா என்றார். தெரியும். அவர் சொல்லாத நாள் குறைவு.

"ரேடியோவிலை மாகாணம் முழுக்கக் கேட்டதுதானே தம்பி? ஒளிச்சு வைச்ச கதையே? இப்ப மட்டும் என்ன வந்தது?"

அந்தக் கேள்விக்கு பஸ்ஸில் வரும்போதே நான் பதில் தேடியிருந்தேன். முழுதாக அகப்படவில்லை. அகப்பட்ட மட்டில் சொன்னேன்.

"அன்னைக்கு அது ஒரு ஆளுக்குப் போக வேண்டிய செய்தி மிஸ். மத்தவங்க காதுல விழுந்தது, போயிருச்சு. இப்ப அந்த ஆளத் தவிர எல்லாருக்கும் போகுது."

அவர் எழுந்து போய்ச் சன்னல் வழியே கீழே தெருவைப் பார்த்தார். துணிக்கடைக்காரர் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தது மேலே கேட்டது. கடைசியில், "சரி, நீர் எடும். எனக்கும் களைச்சுப் போச்சு. வாறவைக்கு என்னத்தைக் காட்டுறது எண்டு நீரே யோசியும்" என்றார். உடனே ஆசிரியர்களுக்குப் போன் எடுத்து, அந்தப் பயிற்சியை நிறுத்தச் சொன்னதும் அவர்தான்.

அந்தப் பெண்ணின் பதிவைத்தான் முதலில் எடுத்தேன். எடுக்கும்போது, அது எப்போதெல்லாம் கேட்கப்பட்டிருக்கிறது என்கிற விவரம் திரையில் வந்தது. யார் கேட்டார்கள் என்று அதில் தெரியாது. நேரமும், ஏறத்தாழ எந்த ஊர்ப்பக்கம் என்பதும், ஒரே போனா வேறு போனா என்பதும்தான் தெரியும். நாங்கள் சாப்பாட்டுக் கடையில் சந்தித்ததற்கு முதல் நாள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரே போனில் அது முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டிருந்தது. அதற்குச் சற்று முன்னால் அதே போனில் அந்தக் கீழ்ப்பிரிவின் மற்ற லயங்கள், ஒவ்வொன்றாக.

இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னால் அவர் நிம்மதியாக இருப்பார். பரீட்சை முடிகிறவரைக்கும் மகளும் தெரியாததுபோல இருந்துவிடக்கூடும். ஆனால் அவர் என்னிடம் கேட்டது பதிவை எடுப்பதை மட்டும் அல்ல. போனில் கேட்க வேண்டாம் என்றுதான் கேட்டிருந்தார். அது நடக்கவில்லை. அதை எனக்குள் வைத்துக்கொண்டு, எடுத்தாயிற்று அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

அழைத்தபோது மலையில் இருந்தார். பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுங்கள் என்றேன். பார்த்ததைச் சொன்னேன். வேறு யாராகவும் இருக்கலாம், நிச்சயமில்லை என்றும் சொன்னேன். அவர் அந்தக் கடைசிப் பேச்சை எடுத்துக்கொள்ளவே இல்லை.

"சரி தம்பி. அப்ப நான் இன்னைக்கே பேசிர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த சில நாட்கள் விருந்தினர்களுக்காக ஓடின. அவர்கள் வந்தார்கள், படத்தில் தோட்டங்களைத் தொட்டுப் பார்த்தார்கள், தாலாட்டுக் கேட்டார்கள். ஒருவர் மட்டும் அந்தச் செய்திகள் பகுதி எங்கே என்று கேட்டார். அது குடும்பங்களுடையது, அவர்களைக் கேட்டுத்தான் திரும்பப் போடுவோம் என்று மிஸ் எனக்கு முன்னே முந்திக்கொண்டு சொன்னார். அதன் பொருள், அத்தனை லயங்களுக்கும் நான் நடந்து போகவேண்டும் என்பது. இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். பாதி வீடுகளில் ஆளே இல்லை, கதவில் பூட்டு. இருக்கிறவர்களில் சிலர் போடச் சொல்கிறார்கள், சிலர் தேநீர் தந்து அனுப்பிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு தோட்டத்துப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் மறுபடி அழைத்தார். நான் பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பதிவைக் கேட்டது மகள்தானாம். அம்மா சொன்ன நம்பரில் யாருமே பேசியிருக்கவில்லை, சாம்பல் கட்டம். விட்டுவிடாமல் அந்தப் பிரிவில் இருக்கிற லயமெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். அம்மாவின் குரலென்று முதல் வார்த்தையிலேயே பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காததுபோல வீட்டில் சோறு சாப்பிட்டு, பாடம் படித்து, அப்பாவோடு வழக்கம்போல வாயடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அம்மா பேச்சை எடுத்ததும் அழவில்லையாம். அந்த ஆள் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்பாள் என்று இவர் பதிலெல்லாம் யோசித்து வைத்திருக்கிறார். அதை அவள் கேட்கவே இல்லை.

"'எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிராதீங்கம்மா. பாவம், அவரு சங்கடப்படுவாரு'ன்னு சொல்லுது தம்பி. அது ஒண்ணுதான் கேட்டுச்சு."

பரீட்சைக்குப் படிக்கிறாளா என்று கேட்டேன். படிக்கிறாள் என்றார். அந்தப் பதிவு இனி மறைந்திருக்க வேண்டிய தேவை இருக்கிறதா என்று கேட்பது என் வேலையாக இருந்தது, எல்லா வீடுகளிலும் கேட்பதுபோல அவரிடமும் கேட்டேன்.

"போடாதீங்க" என்றார். "அன்னைக்கு மகளுக்காக வேணாம்னேன். இப்ப எங்க வீட்டு மனுசனுக்காக வேணாங்குறேன். அவரும் போன் வச்சிருக்காரு."

சரி அக்கா என்றேன். அவருக்குப் பின்னால் யாரோ கூடையைத் தூக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவர் வைத்துவிட்டார்.